மூலிகைப் பொடியும் மாத்திரையும் சேரும்போது

ஆசிரியருக்கு,

சர்க்கரை நோய்க்கு மூலிகை நல்லதா, கெட்டதா என்றுதான் வாதாடுகிறோம். ஏற்கெனவே விழுங்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பேசுவதில்லை. பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான், வெந்தயம் மூன்றுமே சர்க்கரையை ஓரளவு குறைக்கக்கூடியவை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இவையும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, வரலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு என்றால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை. ஏறவில்லையா, இன்னொரு முறை கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

'மூலிகை மட்டுமே' என்று விற்கப்பட்ட சில பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையின் மருந்தே கலந்திருந்தது ஆய்வகச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. பொடி தொடங்கிய இரண்டாம் நாளே சர்க்கரை மளமளவென இறங்கினால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். (சர்க்கரைக்காகச் சாப்பிடும் லவங்கப்பட்டையும் அப்பாவி அல்ல: அதன் காசியா என்ற வகையிலுள்ள கூமரின் என்னும் வேதிப்பொருள் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும்.)

பொடி வேலை செய்கிறதா என்று ஒரே வாரத்தில் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பார்ப்பது வீண். அது காட்டுவது ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. முதல் வகை (உடலில் இன்சுலின் சுரக்காத வகை) நோயாளிகள் எந்தப் பொடியை நம்பியும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் பொடி டப்பாவையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். 'ஏதோ ஒரு சூரணம்' என்றால் அவரால் மாத்திரை அளவைத் திருத்த முடியாது.