நம் மன்றத்தின் ஆண்டறிக்கை: திருச்செங்கோட்டு மார்கழி முகாம்

தலைவர் ஐயா, பொருளாளர், பெரியவர்கள், தாய்மார்கள், வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

வழக்கமாகச் சித்திரையில் ஆரம்பித்து மாதம் மாதமாக வாசிப்போம். இந்த முறை அதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன, ஐப்பசியில் மட்டும் மழை பிடித்துக்கொண்டதால் ஒன்று நின்றுபோனது. வெள்ளிக்கிழமை திருமுறை வகுப்பு தொடர்ந்து நடக்கிறது, புதிதாகப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். பிரதோஷ அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி. இந்த ஆண்டு நம்மை விட்டுப் போன மூத்த உறுப்பினர்களுக்குக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மீதி அறிக்கை முழுவதும் மார்கழி முகாமைப் பற்றித்தான், ஏனென்றால் இன்றைக்குப் பொதுக்குழு முடிவெடுக்க வேண்டிய விஷயமே அதுதான்.

ஏழு கோயில் பஸ் டூரா, ஒரே கோயிலில் தங்கும் முகாமா என்று போன பொதுக்குழுவில் நடந்த வாக்குவாதம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்கழி வந்தால் ஒரு பஸ் பிடித்து, கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஏழு சிவத்தலங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவது நம் வழக்கம். கரூர், வெஞ்சமாங்கூடல், கொடுமுடி, திருச்செங்கோடு, பவானி, அவிநாசி, திருமுருகன்பூண்டி. விடியும் முன் ஈரோட்டில் கிளம்பினால் உச்சி நடை சாத்துவதற்குள் பாதியாவது பார்க்க வேண்டும், சாயங்காலம் நடை திறந்ததும் மீதிக்கு ஓட வேண்டும், இதற்கு நடுவில் சாப்பாடு, வழியில் ஒரு பஞ்சர். புண்ணியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அதில் என்ன மிஞ்சியது? பவானியில் வேதநாயகி அம்மனுக்கு வில்லியம் காரோ என்ற வெள்ளைக்கார கலெக்டர் 1804இல் காணிக்கையாகக் கொடுத்த தந்தக் கட்டில் இருக்கிறது, அவர் அம்மனைப் பார்ப்பதற்காகச் சுவரில் போட்ட மூன்று துவாரங்களும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அந்தச் சுவரைத் தாண்டிப் பல தடவை நடந்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் காட்ட நேரமில்லை. வெஞ்சமாங்கூடல் கோயில் 1977இல் குடகனாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய், பிறகு மறுபடி எழுப்பிய கோயில். அதைச் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார்.

அதனால்தான் ஒரே கோயில், குடும்பத்தோடு, அரையாண்டு லீவில், அங்கேயே தங்குவது என்று இந்த முறை முடிவெடுத்தோம். "டவுன் பஸ்ஸில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்ற ஊருங்க செங்கோடு, அங்கே எதுக்குங்க தங்கணும்?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் மார்கழி மாதத்தில் இருக்கிறது. அர்த்தநாரீஸ்வரர் சந்நிதியில் இருக்கும் மரகத லிங்கத்தை மார்கழியில் மட்டும்தான், அதுவும் அதிகாலைப் பூஜையில்தான் தரிசிக்க முடியும். பக்கத்து ஊர்க்காரர்களான நாம்தான் அதைப் பார்த்ததில்லை, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற நினைப்பிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன.

மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கினோம். பவானி ஜமக்காளத்தை வரிசையாக விரித்து, பெண்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ளே, ஆண்கள் வெளி ஹாலில். முதல் ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை என்பது உண்மை. வாடைக்காற்று அப்படி. ஆனால் இருட்டில் எழுப்பின விதம் நன்றாக இருந்தது. திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாட்டும் ஒருத்தி இன்னொருத்தியை எழுப்புகிற பாட்டுத்தானே, வகுப்புப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள். ஒரு கட்சி போர்வைக்குள், இன்னொரு கட்சி நின்றுகொண்டு பாடும். "வன்செவியோ நின்செவிதான்" என்ற இடத்தில் தூங்குவதாக நடித்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்கள். வகுப்பில் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த வரிதான், அதில் ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேலி செய்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

அப்புறம் படி. முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் மலைப்பாதையில் வண்டியில் வந்தார்கள், மற்றவர்கள் படியேறினோம். 1200 படிகளுக்கு மேல். பனியில் டார்ச் வெளிச்சம் நாலு படிக்கு மேல் தெரியவில்லை. பாறையில் செதுக்கிய அந்தப் பெரிய ஐந்துதலை நாகத்தைப் பகலில் எல்லோரும் பார்த்திருப்போம், அறுபது அடி நீளம் என்பார்கள். இருட்டில் அது வேறு மாதிரி இருக்கிறது. குங்குமமும் மஞ்சளும் பூசிப் பூசிச் செதில் எல்லாம் வழவழத்து, பனி ஈரம் பட்டு, டார்ச் அடித்தால் சிவப்பாக மின்னுகிறது. ஒரு பொடியன் கையை வைத்துப் பார்த்துவிட்டு விரலில் ஒட்டின குங்குமத்தைத் தன் நெற்றியிலும் தங்கச்சி நெற்றியிலும் வைத்தான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அறுபதாம்படி வந்ததும் ஒரு அப்புச்சி எல்லோரையும் நிறுத்தி, அந்தக் காலத்தில் நில வழக்கு, பணத் தகராறு என்றால் இந்தப் படியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குவார்கள், இங்கே பொய் சொல்ல எவனுக்கும் தைரியம் வராது என்று சொன்னார். அவருடைய அப்பாரு காலத்துச் சங்கதி ஒன்றும் சொன்னார், குடும்ப விஷயம் என்பதால் இங்கே எழுதவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டோம்.

மேலே போய் மரகத லிங்கத்தைத் தரிசித்தோம். கூட்டம் இருந்தது, கொஞ்ச நேரம்தான் நிற்க முடிந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குக் கை வரவில்லை, போய்ப் பாருங்கள். சாமி பாதத்தில் சுரக்கும் தீர்த்தம் கொடுத்தார்கள், அந்தக் குளிரிலும் ஒரு சொட்டுக் கீழே விடாமல் பெரியவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

பிள்ளைகளின் கேள்வி அங்கேதான் ஆரம்பித்தது. சாமிக்கு ஒரு பக்கம் வேட்டி, ஒரு பக்கம் சேலை. எதுக்கு? பஸ் டூர் என்றால் "அப்படித்தான் கண்ணு" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போயிருப்போம். இங்கே சாயங்காலம் முழுக்க அதற்கே ஒதுக்க முடிந்தது. பிருங்கி முனிவர் சிவனை மட்டும் கும்பிடுவேன், அம்மனைக் கும்பிட மாட்டேன் என்று வண்டு உருவெடுத்துச் சிவனை மட்டும் சுற்றினார், அம்மன் கேதார கௌரி விரதம் இருந்து சாமி உடம்பிலேயே பாதியை வாங்கிக்கொண்டார் என்ற தலபுராணக் கதையை ஒரு அம்மாயி சொன்னார். அதற்கு மேல் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, "அப்படீன்னா வீட்டுல ஏன் அம்மா மட்டும் சமையல் பண்றாங்க?" என்று கேட்டாள். பெரியவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள், ஒன்றும் அவளுக்குப் பிடித்த மாதிரி தெரியவில்லை. கேள்வியைக் குறித்து வைத்திருக்கிறேன். இந்த மாதிரிக் கேள்வி சந்நிதிக்குப் பக்கத்தில் வைத்து வர வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சமையல் பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். முகாம் என்ற பெயரில் பெண்கள் மறுபடி அடுப்படியிலேயே கிடக்கக்கூடாது என்று முன்னாலேயே பேசி முறை வைத்திருந்தோம். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, பரிமாறுவது ஆண்கள் பொறுப்பு, அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறும் கொள்ளு ரசமும் அவர்களே செய்தார்கள், நன்றாகவே இருந்தது. இரண்டாம் நாள் காலையில் சந்தகை. அரிசி ஆட்டி இட்லியாக வேகவைத்துச் சூடு ஆறுவதற்குள் மிஷினில் போட்டுப் பிழிய வேண்டும், ஆறினால் இறுகிவிடும். மூணு கால் இரும்பு மிஷினை ஒருத்தர் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ள, ஒருத்தர் கைப்பிடியைச் சுற்ற, கீழே தட்டில் நூல் நூலாக விழுந்தது. தேங்காய்ப் பால் ஒரு பக்கம், எலுமிச்சை ஒரு பக்கம். கைப்பிடி சுற்றியவர் நம் உறுப்பினர்தான், ரிக் வண்டியில் வேலை, வருஷத்தில் பாதிக்கு மேல் வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டு இருப்பவர். செங்கோட்டைச் சுற்றி எத்தனையோ குடும்பங்களின் நிலைமை இதுதான், ரிக் வண்டி ஊரைத் தூக்கி நிறுத்தியது, ஆனால் அப்பனை வீட்டை விட்டுக் கொண்டுபோய்விட்டது. அவர் வந்திருந்தது வெறும் லீவுக்கு. வீட்டில் இருந்தால் ஆள் மாற்றி ஆள் பார்க்க வருவார்கள், பேங்க், மெக்கானிக் என்று அந்த லீவும் போய்விடும், இங்கே பையனோடு ஒரே போர்வையில் படுத்தேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த முகாமை மறுபடி நடத்த வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாம் நாள் ராத்திரி ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. திருஞானசம்பந்தர் அடியார்களோடு இதே ஊரில் தங்கியிருந்தபோது பனிக்காலம் வந்து, உடன் இருந்தவர்களுக்குக் குளிர்சுரம் கண்டது, அப்போதுதான் அவர் திருநீலகண்டப் பதிகம் பாடினார், சுரம் நீங்கியது என்று பெரியபுராணம் சொல்கிறது. அன்று சாயங்காலம்தான் அந்தக் கதையைப் பேசியிருந்தோம். அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து "அவ்வினைக்கு இவ்வினை" என்று தொடங்கிப் பதிகம் முழுவதும் பாடினோம், பாடி முடிந்த கையோடு டாக்டரிடமும் கூட்டிப் போனோம். காலையில் குழந்தை எழுந்து சந்தகை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டது. பதிகமா, மாத்திரையா என்று கேட்பவர்களுக்கு என் பதில், இரண்டும் வேண்டும். அடுத்த முறை ஸ்வெட்டர், குல்லா, கம்பளி இல்லாமல் யாரையும் வண்டியில் ஏற்றப் போவதில்லை, மருந்துப் பெட்டி ஒன்றும் மன்றச் செலவில் வாங்க வேண்டும்.

குறைகளும் இருந்தன. வேனுக்கு முன்பணம் வாங்கியவர் கிளம்பும் அன்றைக்கு வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிட்டார், பாதிப் பேர் டவுன் பஸ்ஸில் மூட்டை முடிச்சோடு போக வேண்டியதாகிவிட்டது. பணத்தைத் திருப்பி வாங்கியாகிவிட்டது. மண்டபத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, அண்டாவில் விறகு வைத்துத்தான் சுடுதண்ணி போட்டோம், அந்த நேரத்துக்குக் குளிக்க வரிசையில் நின்ற பெரியவர்களிடம் நிர்வாகக்குழு சார்பில் வருத்தம் தெரிவிக்கிறேன். போன் விஷயத்தில் கட்டுப்பாடு எதுவும் வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, படியேறி இறங்கின களைப்பில் பிள்ளைகள் போனைத் தேடவே இல்லை.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். ஏழு தலத்தையும் ஒரே நாளில் முடிப்பதை நிறுத்திவிட்டு, வருஷத்துக்கு ஒரு தலம் என்று எடுத்து அங்கே குடும்பத்தோடு தங்குவது, பஸ் டூருக்கு ஒதுக்கும் பணத்தை முகாமுக்கு மாற்றுவது. இதுதான் நிர்வாகக்குழு முன்வைக்கும் தீர்மானம். டூரையே விரும்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள், வயதான காலத்தில் ஏழையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற அவர்கள் ஆசை நியாயமானது. அவர்களுக்காகப் பங்குனியில் தனியாக ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம், அதற்கான செலவைப் பொருளாளர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த ஆண்டுக்குக் கொடுமுடியை நான் முன்மொழிகிறேன். சிவன், பெருமாள், வன்னிமரத்தடியில் பிரம்மா என்று மூவரும் ஒரே கோயிலில். சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடிய இடம். வாசலிலேயே காவிரி. கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரும் அதுதான், பாடுகிற பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பவானிதான் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். மார்கழியில் கூடுதுறை முழுக்க ஐயப்ப பக்தர்கள், தங்க இடம் கிடைப்பது கஷ்டம், அதைப் பிறகு பார்க்கலாம்.

தீர்மானம் நிறைவேறினால் பெயர் கொடுப்பவர்கள் ஐப்பசிக்குள் என்னிடமோ பொருளாளரிடமோ கொடுத்துவிடுங்கள், ரிக் வேலையில் வெளியூரில் இருப்பவர்கள் லீவு சொல்ல வசதியாகத் தேதியை ஆவணியிலேயே அறிவித்துவிடுகிறோம். திருவெம்பாவை பயிற்சி கார்த்திகை முதல் வெள்ளியில் தொடங்கும், பெரியவர்களும் வரலாம். சந்தகை மிஷின் வைத்திருப்பவர்கள் இன்னொன்று கொடுத்து உதவினால் நல்லது, ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பிழிந்து முடிக்க வெயில் ஏறிவிடுகிறது.

இப்படிக்கு,
செயலாளர்