மூடிய பெட்டிக்குள் எது தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி), அகச்சிவப்பு சென்சார்களை வைத்து மூடிய பெட்டிக்குள் இருப்பதைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம் என்று உங்கள் மாணவர் பகுதியில் ஒரு குறிப்பு வந்திருந்தது. வெல்டிங் இணைப்புகளை அல்ட்ராசோனிக் முறையில் சோதிப்பதே என் தொழிலாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு அதையே பயிற்சி மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். அந்தக் குறிப்பை நம்பி ஆசையோடு சென்சார் வாங்கும் பிள்ளைகள், கடைசியில் தங்களுக்குத்தான் செய்யத் தெரியவில்லை என்று மனம் விட்டுவிடக் கூடாது. அதற்காகவே எழுதுகிறேன்.

மாணவர்கள் வழக்கமாக வாங்கும் HC-SR04 என்ற அல்ட்ராசோனிக் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் காற்றில் அனுப்புகிறது. காற்றில் வரும் ஒலி கனமான இரும்பில் பட்டால் 99.9 சதவீதத்துக்கும் மேல் அப்படியே திரும்பிவிடும். ஆகவே பெட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். உள்ளே இருப்பதைச் சொல்லாது. தூரம் அளப்பதற்கென்றே செய்த பொருள் அது.

நாங்கள் செய்வது வேறு. தகட்டைச் சுத்தமாகத் துடைத்து, கிரீஸோ ஜெல்லோ தடவி, அதன்மேல் புரோப்பை, அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் முனையை, அழுத்தி வைப்போம். நடுவில் காற்று துளியும் இருக்கக் கூடாது. அதிர்வெண்ணும் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். இரும்பில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் போகும். 25 மி.மீ. தகட்டின் அடிப்பக்கம் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய 8.5 மைக்ரோநொடி, கருவியின் திரையில் அந்த இடத்தில் ஒரு முள் எழும். அதற்கு முன்பே 4 மைக்ரோநொடி வாக்கில் இன்னொரு முள் தலைகாட்டினால், சுமார் 12 மி.மீ. ஆழத்தில் ஏதோ இருக்கிறது. ஏதோ என்பதுதான் அப்போதைக்குச் சொல்ல முடிந்தது. விரிசலா, வெல்டிங்கில் சிக்கிய கசடா என்று பிரித்தறிய, ஒலியைச் சாய்வாக அனுப்பும் கோண புரோப்பை மாற்றி மாற்றி வைத்துப் பல பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். உள்ளே காற்று இடைவெளி வந்துவிட்டால் ஒலி அதோடு சரி. பெட்டிக்கு நடுவே காற்று சூழக் கிடக்கும் பொருள் எங்கள் கருவிக்கும் அகப்படாது.

அகச்சிவப்பின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அகச்சிவப்பைப் படம்பிடிக்கும் தெர்மல் கேமரா காட்டுவது மேற்பரப்பின் வெப்பத்தைத்தான். ஜன்னல் கண்ணாடிகூட அதற்குச் சுவர் மாதிரி. ஆனால் மெல்லிய கறுப்பு பாலிதீன் பையை மூடினாலும் உள்ளே இருக்கும் சூடான கை தெரியும். சிலிக்கான் நம் கண்ணுக்கு ஒளிபுகாப் பொருள்; 1.1 மைக்ரானுக்கு மேற்பட்ட அகச்சிவப்போ அதை ஊடுருவிச் செல்லும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியோடு 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் சதையின் ஊடே செலுத்தித்தான் அளக்கிறது. எந்தச் சுவர், எந்த அலை என்று தெரியாமல் ‘ஊடுருவும்’ என்று பொதுவாக எழுதுவது தவறு.

இந்த விவரங்களோடு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அப்புறம், செயல்திட்டம் கொடுக்கும் ஆசிரியர்கள் சென்சாரைத் தேர்ந்தெடுக்கும் முன், பெட்டி எதனால் ஆனது, உள்ளே காற்றா நீரா, தேடுவது என்ன என்று மாணவர்களையே எழுதச் சொல்லட்டும். உள்ளே காந்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால், அட்டைப்பெட்டிக்கு வெளியே காந்தப்புல சென்சார் ஒன்றை வைத்தாலே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் பரிசோதகர்