புதுசா கோயில் கொயர் (பாட்டுக்குழு) எடுத்த தங்கச்சிக்கு

அன்பான தங்கச்சி,

போன ஞாயிறு பூசை முடிஞ்சு வெளியில நிக்கேக்க சொன்னவை, நீர் அடுத்த மாசம் எல்லாரையும் தனித்தனியப் பாடவிட்டுக் கேட்டு, சுருதி நிக்காதவையை நிப்பாட்டப் போறீராம் எண்டு. கோவத்தில இதை எழுதேல்லை. உமக்கு நல்ல குரல், படிச்ச பிள்ளை, நீர் வந்தது எனக்குச் சரியான சந்தோசம். ஆனா முந்தி எங்கட கொயரை நடத்தின ரீச்சரை நீர் கடைசி ரெண்டு வருசம்தான் பாத்தனீர், கை நடுங்க நடுங்க முன்வாங்கில இருந்த வயசுபோன மனிசியா. அவவின்ர செத்தவீட்டில என்னைப் பேசச் சொல்லிக் கேட்டவை, வாய் திறக்க ஏலாமப் போச்சு, அதையும் சேத்துத்தான் இப்ப எழுதுறன்.

ரீச்சர் வட இலங்கை சங்கீத சபைச் சோதினையள் பாஸ் பண்ணின கர்நாடக சங்கீதக்காரி. நாலு குரல்ல பாடுறதை அவவுக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை, கொழும்பில இருந்து ஆரோ குடுத்துவிட்ட கரோல் கசட் ஒண்டுதான் குரு. அப்ப 1993, சண்டை நேரம். கரண்ட் இல்லை, பற்றரி யாழ்ப்பாணத்துக்கு வரவிடாத காலம். சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி டைனமோவில வயர் குடுத்து ரேப் ரெக்கோடரில கொழுவிப்போட்டு பெடலைக் கையால சுத்த வேணும். சுத்தினது நான். உனக்குப் பாட்டு வராது எண்டு பள்ளிக்கூடத்தில ஒரு வாத்தியார் முகத்துக்கு நேர சொன்னவர், எனக்குப் பதினொரு வயசு, கூட்டாளிப் பொடியளோட சும்மா கோயிலுக்கு வந்தனான். ரீச்சர் போ எண்டும் சொல்லேல்லை, பாடு எண்டும் சொல்லேல்லை, "நீ இதைப் பிடி" எண்டு பெடலைக் காட்டினவ.

கை கொஞ்சம் களைச்சாப் போதும், கசட்டில பாடுற சனம் முழுக்க ஒண்டாக் கீழ இறங்கும். ரீச்சர் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில கொப்பியில எழுதிக்கொண்டே "தம்பி, சுருதி இறங்குது" எண்டுவா. வேகமாச் சுத்தினா "இப்ப கூடிப்போச்சு". இப்பிடியே ரெண்டு மாசம். ஒருநாள் அவ சொல்ல முதலே எனக்குக் கேட்டுட்டுது, கை தன்பாட்டில வேகத்தைக் கூட்டிச்சுது, ரீச்சர் எழுதுறதை விட்டிட்டு நிமிந்து என்னைப் பாத்தவ. அடுத்த கிழமை பெடல் வேற ஒருத்தனிட்டப் போச்சு, நான் பாடுற பொடியளோட நிண்டனான். இண்டைக்கும் நிக்கிறன்.

ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில ஒரு சின்ன வாங்கு கிடந்தது. சுருதி நிக்காத ஆக்களை அதிலதான் இருத்துவா, வாய் திறக்கக்கூடாது, கேக்க மட்டும் வேணும். சிலர் ஒரு மாசம், ஒரு அக்கா ஒண்டரை வருசம் இருந்தவ. ஒருத்தரையும் வீட்டை போ எண்டு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை.

அவ எழுதின கொப்பியை நீர் பாக்க வேணும். மேஜர் ஸ்கேல் எண்டது எங்கட சங்கராபரணம்தானே, அதால எல்லாத்தையும் சரிகமவிலயே எழுதினவ. மேல மெட்டு ப ம க ரி எண்டு போகும், அதுக்கு நேர கீழ ஆல்டோவுக்கு, அதாவது பொம்பிளையளின்ர கீழ்க்குரலுக்கு, க ரி ச, பேந்து கீழ புள்ளி வைச்ச நி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில பென்சிலால கருத்து. சின்னப்பிள்ளையா இருக்கேக்க லத்தீனில ஒண்டும் விளங்காமப் பாடினவவாம், வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தோடன முதல் தரம் கருத்தோட பாடேக்க அழுகை வந்தது எண்டு சொல்லுவா. கருத்துச் சொல்லாமல் எங்களை ஒரு பாட்டுத் தொடவிடமாட்டா.

1995 ஒக்டோபர் 30, ஆமி கிட்ட வர வலிகாமச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட இரவு, ஆர்மோனியத்தை விட்டிட்டு கொப்பியளை அரிசிப் பையில சுத்தி சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தவ, மழை வேற. அந்த நத்தாருக்குத் தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூட விறாந்தையில பாடினனாங்கள். சுருதி எடுக்க ஒண்டும் இல்லை. பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஐஞ்சரைக் கட்டைச் சுருதி வேணும், எங்களுக்கு ஒரு கட்டை, ரெண்டுக்கும் நடுவில ஒரு ச-வைத் தன்ர தொண்டையால பிடிச்சு "ம்" எண்டு இழுத்துக்கொண்டு நிண்டவ, நாங்கள் அதில ஏறினனாங்கள். திரும்பி வந்து பாத்தா ஆர்மோனியம் இல்லை.

கொப்பியள் ஏழும் இப்ப என்னட்டத்தான், ரெண்டில மழை ஊறின கறை இருக்கு. சனிக்கிழமை பின்னேரம் கொண்டு வாறன். அந்தச் சின்ன வாங்கை ஆரோ சாமான் அறைக்குள்ள போட்டிருக்கினம், அதையும் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில வைக்கிறன். பின்வரிசையில ஒரு பொடியன், ஐஸ்கிரீம் கடையில வேலை செய்யிறவன், சத்தமா விலகிப் பாடுறான் எல்லே, அவனை நிப்பாட்ட முதல் அதில கொஞ்ச நாள் இருத்திப் பாரும் தங்கச்சி.

அன்புடன்,
பின்வரிசை அண்ணா