அலுவலக ஆங்கிலமும் காணாமல்போன எழுவாயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அலுவலக ஆங்கிலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'வாட் இஸ் தி ஆஸ்க்?', 'கீ லேர்னிங்ஸ்', 'மார்க்கெட்டிங் ஸ்பெண்ட்' என்றெல்லாம் கேட்டால் எனக்கும் காது கூசத்தான் செய்கிறது. ஆனால் வினையைப் பிடித்துப் பெயராக்குவது இந்தக் காலத்து மேலாளர்கள் தொடங்கிவைத்த அட்டூழியம் என்று கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை.

'இன்வைட்' 17ஆம் நூற்றாண்டிலேயே பெயர்ச்சொல்லாக வந்துவிட்டது. 'லேர்னிங்ஸ்' என்று பன்மையில் ஷேக்ஸ்பியரே எழுதியிருக்கிறார். 'ஆஸ்க்' அதற்கும் மூத்தது. பழைய ஆங்கிலத்திலேயே பெயராக வழங்கியிருக்கிறது. அந்த மொழியின் உடல்வாகு அப்படி. ஒரு காலத்தில் 'லுஃபியன்' வினை, 'லுஃபு' பெயர். விகுதிகள் தேய்ந்து உதிர்ந்ததும் இரண்டுக்கும் 'லவ்' ஒன்றே மிஞ்சியது. நமக்கும் இது புதிதா என்ன? 'நல்ல அடி விழுந்தது' என்கிறோமே, அந்த 'அடி' முதனிலைத் தொழிற்பெயர்தானே, அதாவது விகுதி எதுவும் சேராமல் வினையடியே பெயராக நிற்பது.

தொழில்மொழி என்றாலே வெறும் பந்தா என்பதும் சரியல்ல. மென்பொருள் எழுதுகிறவர்கள் 'கமிட்' (நிரலில் பதிவுசெய்த ஒரு மாற்றம்), 'பில்ட்' (நிரலிலிருந்து உருவாக்கிய மென்பொருள் பதிப்பு) என்று பேசிக்கொள்ளும்போது இரண்டுமே திட்டவட்டமான பொருளைக் குறிக்கின்றன. வேறு எப்படிச் சொன்னாலும் நீளும்.

எனக்கு உறுத்துவது கட்டுரையாளர் தொடாமல் விட்ட வகை. 'ஆப்டிமைசேஷன்', 'ரேஷனலைசேஷன்' போன்று, வினையோடு நீண்ட விகுதி ஒட்டிய வாட்டசாட்டமான பெயர்கள். இவற்றைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. படித்தவர் பேச்சு போல ஒலிக்கின்றன அல்லவா! ஆங்கிலத்தில் வினைமுற்று வந்தால் பெரும்பாலும் எழுவாயும் கூடவே வந்தாக வேண்டும். செயப்பாட்டு வினையில்கூட, செய்தவர் தப்பினாலும் பட்டவர் மிஞ்சுவார். பெயராக்கிவிட்டால் இருவருமே தேவையில்லை. 'உங்களை வேலையை விட்டு நீக்குகிறோம்' என்ற வாக்கியம் 'வொர்க்ஃபோர்ஸ் ரிடக்‌ஷன்' ஆனதும் நீக்கியவரும் காணோம், வேலை இழந்தவரும் காணோம். வினையை விட்டுப் பெயர்ச்சொற்றொடர்களில் அடைக்கலம் தேடும் வழக்கத்தை ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இலேயே கண்டித்திருக்கிறார்.

அமெரிக்காவில் 2010இல் எளிய நடைக்கென்று சட்டமே போட்டார்கள். கூட்டரசு அலுவலகங்கள் மக்களுக்கு எழுதுவது தெளிவாக இருக்க வேண்டுமாம். மீறினால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்பதையும் அதே சட்டத்தில் தெளிவாகவே எழுதிவைத்தார்கள்!

கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால், பாவம் அந்த 'ஆஸ்க்'கை விட்டுவிட்டு, வேலைநீக்க அறிவிப்புகளையும் காப்பீட்டு நிராகரிப்புக் கடிதங்களையும் எடுத்துக்கொள்ளட்டும். எந்த வாக்கியத்தில் யார் காணாமல் போயிருக்கிறார்கள் என்று அவர் காட்டினால் ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்