மருந்து அலமாரிக்கு யார் பொறுப்பு?

நேபாள சுகாதார, மக்கள்தொகை அமைச்சகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

உங்கள் நாட்டின் மேற்கு மலைக் கிராமமொன்றின் சுகாதார நிலையத்தில் செவிலியராகப் பணியாற்றியவள் நான். அங்கே ஒரு மழைக்காலத்தில், பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத ஒரு பெண்ணை டோக்கோ கூடையில் வைத்துச் சுமந்து வந்தார்கள். எங்கள் குளிர்பெட்டியில், கருப்பையைச் சுருங்கவைத்து உதிரப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் மருந்து ஒரு குப்பிகூட இல்லை. நரம்பில் திரவம் ஏற்றி, கருப்பையைத் தேய்த்துக்கொண்டே, மண்சரிவுப் பாதையில் அவரை மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த மருந்தைக் கேட்டு நாங்கள் இரண்டு மாதங்களாக எழுதிக்கொண்டிருந்தோம். இவ்வளவு சிறிய அளவுக்கு ஒப்பந்தப்புள்ளி தர எவரும் முன்வரவில்லை என்றது எங்கள் உள்ளாட்சியான பாலிகா. கொள்முதல் பாலிகாவின் அதிகாரம் என்றது மாகாண அலுவலகம்.

அதிகாரம் மக்களுக்கு அருகில் வந்ததை நான் குறைசொல்லவில்லை. அடிப்படைச் சுகாதாரத்தை 753 உள்ளாட்சிகளின் கையில் கொடுத்த 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அதன் 35ஆம் பிரிவில் இலவச அடிப்படைச் சுகாதார சேவையைக் குடிமக்களின் உரிமையாக்கியது. ஆனால் மாவட்டப் பொதுச் சுகாதார அலுவலகங்கள் கலைக்கப்பட்டபோது, எங்களுக்கு மருந்து வந்துகொண்டிருந்த மாவட்டக் கிடங்கின் வேலை யாரிடம் சேர்ந்தது என்பது எங்களுக்குத் தெளிவாகவே இல்லை. ஆகவே கேட்கிறேன்: சுகாதார நிலையத்தின் அலமாரியில் மருந்து இருப்பதற்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பதை எழுத்தில் அறிவியுங்கள்.

நிதியாண்டு ஆஷாட மாதத்தோடு, அதாவது ஜூலை நடுவில், முடிகிறது. பணம் அவசரமாகச் செலவாவதும் அப்போதுதான், மழை மலைப்பாதைகளை அடைப்பதும் அப்போதுதான். இதைத் தெரிந்திருந்தும் கொள்முதல் நாட்காட்டியை மாற்ற ஏன் எவருக்கும் மனம் வரவில்லை? அமைச்சர்கள் அடிக்கடி மாறுகிறார்கள், ஒவ்வொரு முறையும் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்படுகிறது. ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்குள் மருந்தும் ஆளும் இருக்கிறார்களா என்று பார்க்க எவரும் மலையேறி வருவதில்லை. நாட்டின் சுகாதாரச் செலவில் பாதிக்கும் மேற்பட்டது குடும்பங்களின் சட்டைப்பையிலிருந்தே போகிறது என்பதை உங்கள் கணக்குகளே காட்டுகின்றன.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். மாகாணம் மொத்தமாக விலை பேசி வாங்கி, பாலிகாக்கள் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அடுத்த மழைக்கு முன் செய்யுமாறும், அதற்குப் பொறுப்பான அலுவலகத்தை எழுத்தில் அறிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் செவிலியர் ஒருவர்