மாரிக்கு முன் பலகைத் தளம்

மட்டக்களப்பு,
ஆவணி

அன்பு மகளுக்கு,

உன் விருந்தினர் விடுதியின் முன்பக்கப் பலகைத் தளத்துக்கு வார்னிஷ் அடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். வார்னிஷ் பலகைக்கு மேல் தோல்போல நிற்கும். அறுகம்குடா வெயிலில் பலகை சுருங்கி, மாரியில் ஊதும்போது அந்தத் தோல் வெடிக்கும். வெடிப்பால் இறங்கிய தண்ணி வெளியேற வழியில்லாமல் அடியில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். மறுகா முழுவதையும் சுரண்டியெடுக்க வேண்டும், அதுதான் பெரிய வேலை. வெளித்தளப் பலகைக்கென்று விற்கிற, பலகைக்குள் ஊறுகிற டெக் எண்ணெய் வாங்கு, அதுவும் கொஞ்சம் நிறம் சேர்ந்ததாக. நிறமில்லாதது தண்ணியைத் தடுத்தாலும் வெயிலைத் தடுக்காது. பலகை சீக்கிரம் சாம்பல் பூத்துவிடும்.

சீசன் முடிய ஐப்பசியில் செய்யலாம் என்று இருந்துவிடாதே. அப்போது மழை தொடங்கிவிடும், பலகை காயாது. புரட்டாதியிலேயே பாதிப் பாதியாகச் செய். விருந்தினர் மற்றப் பாதியில் இருக்கட்டும்.

முதலில் பலகை இடுக்குகளில் இறுகிய மணலைப் பழைய கத்தியால் கிண்டி எடு. அந்த மணல்தான் ஈரத்தைப் பிடித்து வைத்து, கீழே தாங்குகிற மரத்தை உக்கச் செய்வது. உப்புப் போக நல்ல தண்ணியால் கழுவு. பாசிக்கு, துணிக்கறை எடுக்க விற்கிற ஒக்சிஜன் பிளீச் தூள் 250 கிராமை 5 லீற்றர் சுடுதண்ணியில் கரைத்து ஊற்றி, காயவிடாமல் கால்மணி நேரம் வைத்து, தும்புத்தடியால் பலகையின் நீளவாக்கில் தேய். குளோரின் பிளீச் வேண்டாம், மரநாரையே அரிக்கும். பிரஷர் வோஷரும் கிட்டப் பிடித்தால் நாரைக் கிளப்பிவிடும்.

ஆணியைச் சுற்றித் தெரிகிற கறுப்பு, அழுக்கல்ல. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறை. ஒரு லீற்றர் தண்ணிக்கு 30 கிராம் ஒக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவினால் வெளுக்கும். கையுறை போடு, பிளாஸ்டிக் வாளி பாவி, எந்தப் பிளீச்சோடும் கலக்காதே, முடிய நன்றாக அலசு. ஆனால் அந்த ஆணிகளைக் கழற்றி 316 தரத் துருப்பிடிக்காத ஸ்குரு போடாவிட்டால் கறை திரும்பவும் வரும். கடற்காற்றுக்கு நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணி நெடுநாள் தாங்காது.

பிறகு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடு. அவசரப்படுகிறவர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். காய்ந்த பின் 80ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தூசியைக் கூட்டு. அதைவிட மென்மையான தாள் பலகையை மினுக்கிவிடும், எண்ணெய் இறங்காது. அங்கங்கே சில துளி தண்ணி விட்டுப் பார். சில நிமிடத்தில் உறிஞ்சினால் பூசலாம். முத்துமுத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது, திரும்பத் தேய்.

மத்தியான வெயிலில் பூசாதே, சூடேறிய பலகையில் எண்ணெய் ஊறுமுன் மேலேயே காய்ந்துவிடும். காலையில் பனி உலர்ந்ததும் தொடங்கு. இரண்டிரண்டு பலகையாக, நடுவில் நிறுத்தாமல் முனைக்கு முனை பூசு. பலகை முனைகளின் வெட்டுமுகங்களுக்கு இரண்டு மூன்று தடவை வை; தண்ணி அதிகம் குடிப்பது அவைதான். இருபது நிமிடத்தில் ஊறாமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிடு. விட்டால் பிசுபிசுத்து, கடற்கரை மணலெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதே. எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணி வாளியில் முக்கிவிட்டு, வெளியில் விரித்துக் காயப்போட்ட பிறகு எறி.

அன்புடன்,
அப்பா