காலி வீட்டில் திருட்டு இல்லை என்று ஒரு சான்றிதழ்

தேனீக்கள் மீதான பூச்சிமருந்துச் சோதனைகளை மதிப்பிடும் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் நீங்கள் ஏற்றுக்கொண்ட அறிக்கையைப் படித்தேன். தேனீக்களுக்குப் பாதிப்பு எதுவும் தென்படவில்லை என்று முடிகிறது. அந்தத் தேனீக்கள் என் பெட்டியிலிருந்து போனவை. அதனால்தான் எழுதுகிறேன்.

கூட்டுப்புழுக்கள் மெழுகு மூடிக்குள் இருந்த இரண்டு அடைச் சட்டங்களைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துவிட்டு, ஒரு நாள் அங்கேயே நின்று பார்த்தேன். இன்குபேட்டருக்குள் மூடியைக் கடித்துக் கடித்து இளந்தேனீக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உடம்பெல்லாம் வெளிறிய ரோமம், இன்னும் தள்ளாட்டம். ஒன்று உணர்கொம்பை நீட்டி நீட்டி யாரையோ தேடியது. கூட்டில் என்றால் மூத்தது ஒன்று வந்து ஊட்டியிருக்கும். இங்கே இடுக்கிதான் வந்தது. கோப்பைக்குப் பத்து, சர்க்கரைக் கரைசல், அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியாததா? பிறக்கும்போது தேனீயின் குடல் ஏறக்குறைய காலி. மூத்தவற்றோடு உரசிப் பழகி, அவை நடமாடிய அடையை நக்கி, அவற்றின் கழிவும் பட்டுத்தான் ஸ்னோட்கிராசெல்லா, கில்லியமெல்லா போன்ற குடல் பாக்டீரியாக்கள் எல்லாம் குடியேறுகின்றன. அதற்கு நாலைந்து நாளாவது ஆகும். அவை வந்த பிறகுதான் அபிடேசின் போன்ற நோய் எதிர்ப்புப் பொருள்கள் குடலில் கூடுகின்றன. நீங்கள் கேட்கும் 10 நாள் சோதனையோ, தேனீக்கு இரண்டு நாள் வயது தாண்டுவதற்குள் தொடங்கிவிடுகிறது.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது முடக்குவது செடியிலும் பாக்டீரியாவிலும் உள்ள ஒரு நொதியை. தேனீயின் உடம்பில் அந்த நொதியே கிடையாது. ஆனால் அதன் குடலில் ஸ்னோட்கிராசெல்லா குறைகிறது, பிறகு செராஷியா கிருமி தாக்கினால் அதிகம் சாகிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2018-இலேயே காட்டிவிட்டார்கள். குடலில் பாக்டீரியாவே இல்லாத தேனீக்கு இதைக் கொடுத்தால் என்ன தெரியும்? காலி வீட்டில் திருட்டு நடக்கவில்லை என்று தெரியும்.

சோதனைக்குச் சீரான சூழல் வேண்டும் என்பீர்கள். சீராகத்தான் இருக்கிறது, அத்தனையும் ஒரே மாதிரி அநாதைகள்.

எங்கள் ஆட்களும் யோக்கியம் இல்லை. நோய் வருமுன்பே டெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியா கொல்லி மருந்தைக் கூட்டில் தூவி, இதே குடல் குடித்தனத்தை நாங்களே கலைக்கிறோம். அதையும் யாராவது கேட்க வேண்டும். சரி, அது வேறு சண்டை.

நான் கேட்பது ஒன்றுதான். வெளிவந்த தேனீயின் முதுகில் ஒரு பெயின்ட் புள்ளி வைத்து, ஒரு வாரம் கூட்டில் விட்டு, அப்புறம் சோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் தாமதமாகும், சில தேனீக்கள் தொலையும், தெரியும். கூடவே, தேனீ எங்கே வளர்ந்தது, யாரோடு இருந்தது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுத வையுங்கள். கோப்பையின் அளவைக் கேட்கிற படிவத்தில் இதற்கும் ஒரு கட்டம் போடலாமே.

அடுத்த சோதனைக்கும் என்னிடம்தான் சட்டம் கேட்டிருக்கிறார்கள். தருகிறேன். கூட்டில் ஒரு வாரம் இருக்கட்டும் என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் நிம்மதியாகத் தருவேன். தயவுசெய்து யோசியுங்கள்.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் ஒருவன்